பாதையில்லாப் பெருங்கானில் மீன்பிடிக்கச் செல்லுதல்

ஒரு காரியத்தைத் தொடங்குமுன் அதன் முடிவையும் எண்ணுதல் வேண்டும் என்பர் பெரியோர். ஊருக்கருகே உள்ள ஏரியில் தூண்டிலிடப் போகிறவனுக்கு இவ்வெண்ணம் மிகுதியும் வேண்டுவதன்று. மறந்த பொருளை வீட்டிற்குத் திரும்பி எடுத்து வரலாம்; மழை வந்தால் சாவடியில் ஒதுங்கலாம்; மீன் அகப்படாவிடின் சந்தையில் வாங்கலாம். இம்மூன்றும் இல்லாத ஓரிடத்திற்குச் செல்வோன் யாது செய்வான்? அவனது பிரயாணத்தின் கடினமான பகுதி, அவன் வீட்டு வாயிலைத் தாண்டுமுன்னரே முடிந்திருத்தல் வேண்டும். இவ்வுண்மையை ஓரிடத்தின்மேல் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அவ்விடம் ஐக்கிய அமெரிக்க நாட்டைச் சேர்ந்த அலாஸ்காவில், புரூக்ஸ் மலைத்தொடரில் உள்ள தேசிய வனமாகும். ராபர்ட் மார்ஷல் என்னும் வனநூல் வல்லார் 1929ஆம் ஆண்டு முதல் அம்மலைகளிற் பன்முறை சுற்றி வந்தார். கொயுகுக் ஆற்றின் வடகிளைக்கு இருபுறமும் காவலர்போல் நிற்கும் இரு மலைகளைக் கண்டு, அவற்றிற்கு ‘ஆர்க்டிக் வாயில்கள்’ எனப் பொருள்படும் பெயரிட்டார். 1980ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 2ஆம் நாள் அப்பெயராலேயே வனம் நிறுவப்பெற்றது. அதனையடுத்த காப்பு நிலத்தையுஞ் சேர்த்து அதன் பரப்பு ஏறத்தாழ 84 இலட்சம் ஏக்கர். வடதுருவ வட்டத்திற்கு வடக்கே கிடக்கும் இப்பெருநிலத்துள் வண்டி செல்லும் சாலையில்லை, கால்நடையாய்ச் செல்வோர்க்கு வகுத்த தடமுமில்லை, தங்கும் விடுதியுமில்லை.

பழந்தமிழ்ப் புலவர் பாடிய ஆற்றுப்படைகளிலே, வழிச்செல்வோனுக்கு அந்தந்த நிலத்து மக்கள் உணவளித்து ஓம்புதலைக் காண்கிறோம். நாம் கூறப்புகும் வழியிலோ விருந்தோம்புவார் ஒருவரும் எதிர்ப்படார். ஆதலின் விருந்தினனே விருந்தையுஞ் சுமந்து செல்லக் கடவன்.

முதற்கண் காலத்தை ஆராய்வோம். அங்குள்ள ஏரிகளிற் பனிக்கட்டி உருகித் தீர ஜூன் மாதம் பெரும்பகுதி கழிந்துவிடும். செப்டம்பரில் மீண்டும் குளிர் இறுகத் தொடங்கும். இடைப்பட்ட சில வாரங்களே மீன்பிடிப்போனுக்கு உரியன. ஜூன் இறுதியிற் சூரியன் மறைவதேயில்லை. ஆனால் ஜூலையிற் கொசுக்கள் புகைபோல் மொய்க்கும். ஆகஸ்டிற் கொசு குறையும். எனினும் மழையும் சிலபோது பனியும் பெய்யும். எக்காலத்தைத் தெரிந்துகொள்ளினும் ஓர் இடரையும் உடன் தெரிந்துகொள்ளுகிறோம் என்பதை மறத்தலாகாது.

இனிச் செல்லும் வகை. பேர்பாங்க்ஸ் நகரிலிருந்து பெட்டில்ஸ் என்னும் சிற்றூருக்குச் சிறு விமானத்திற் செல்லலாம். அங்கிருந்து மிதவை பூண்ட விமானமொன்று பிரயாணிகளை ஓர் ஏரியில் இறக்கிவிட்டு, குறித்த நாளில் குறித்த இடத்திற்கு வந்து ஏற்றிக்கொள்ளும். அவ்விமானம் சுமக்கும் பாரம் சிறிது. ஆகவே ஒவ்வொரு பொருளையும் நிறுத்துப் பார்த்தே கட்டவேண்டும். படகும் காற்றூதி விரிக்கத்தக்கதாகவோ மடக்கத்தக்கதாகவோ இருத்தல் நன்று.

நிற்க. இத்தகைய பிரயாணத்திற்குத் திட்டமிடுவோர் செய்யும் பெரும்பிழை யாதெனின், மீனை நம்பி உணவைக் குறைத்தலேயாம். “ஆறு நிறைய மீன் இருக்க, அரிசி எதற்கு?” என்று ஒருவன் கேட்கக்கூடும். மழையால் ஆறு கலங்கினால் மீன் தூண்டிலை நாடாது. மூடுபனி படர்ந்தால் விமானமும் வாராது. இவ்விரண்டும் ஒரே மழையால் ஒரே நாளில் நிகழக்கூடியன. மீன் அகப்படாத நாளே விமானமும் வாராத நாளாகும். ஆகையால் குறித்த நாட்களுக்கு முழு உணவும், அதற்குமேற் சில நாட்களுக்கு வேண்டிய உணவும் கொண்டு செல்லுதல் இன்றியமையாதது. அகப்பட்ட மீனை விருந்தாகக் கொள்க; உயிர்காக்கும் உணவாகக் கணக்கிடற்க.

அவ்வுணவைக் காப்பதும் வேண்டும். அவ்வனத்திற் பழுப்புக் கரடியும் கருங்கரடியும் உண்டு. ஆதலின் கரடியால் உடைக்கவியலாத பெட்டியில் உணவை வைத்தல் வேண்டுமென்பது அங்குள்ள விதி. கூடாரத்திற்கு ஏறத்தாழ 100 கஜ தூரத்திற்கு அப்பாற் சமைத்தல் நலம். மீனைக் கழுவிய கையோடும் உடையோடும் கூடாரத்துட் புகுதல் கரடிக்கு அழைப்பு விடுத்தலை ஒக்கும்.

தங்குமிடத்தைத் தெரிதலிலும் கருத்து வேண்டும். ஆற்றிடையே உள்ள பரல்மேடு காற்றோட்டமானது. கொசுவும் அங்குக் குறைவு. ஆனால் தொலைவிலுள்ள மலையில் மழை பெய்தாலும் இரவோடிரவாக நீர் பெருகி அம்மேட்டை மூடும். ஆகவே மேட்டின் உயர்ந்த பக்கத்திற் கூடாரமடித்து, நீர் விளிம்பில் ஒரு கோலை நட்டு, உறங்குமுன் நீரின் ஏற்றத்தை நோக்குதல் அறிவுடைமை. படகைக் கரையேற்றிக் கட்டுதலும் அவ்வாறே. படகை இழந்தவன் வழியையே இழந்தவனாவான்.

மீன்களைப் பற்றியும் சிறிது கூறுவோம். தெளிந்த ஆறுகளிற் கிரேலிங் என்னும் மீன் வாழும். அதன் முதுகுத் துடுப்பு பாய்மரச் சீலைபோல் விரிந்திருக்கும். நீர்மேல் விழும் பூச்சிகளை அது உண்ணுமாதலால், பூச்சி வடிவாய்க் கட்டிய தூண்டிலே அதற்கு ஏற்றது. ஆழ்ந்த ஏரிகளில் ஏரி டிரவுட்டும், கோபுக் ஆற்றில் வெண்ணிறமான ஷீஃபிஷ் என்னும் பெருமீனும் உண்டு. அந்நாட்டிற் கோடை குறுகியதாதலின் மீன்கள் மிக மெதுவாக வளரும். இன்று நாம் கொல்லும் பெரிய டிரவுட்டு நம்மினும் வயதில் மூத்ததாயிருத்தல் கூடும். ஆகவே ஒருவேளை உணவிற்கு வேண்டியதை வைத்துக்கொண்டு, ஏனையவற்றை நீரிலேயே விடுதல் முறை.

16 வயது நிரம்பிய வெளியூரார் அலாஸ்கா அரசின் மீன்பிடி உரிமச்சீட்டைப் பெறுதல் வேண்டும். ஓராற்றின் நோயும் களையும் மற்றோர் ஆற்றிற்குச் செல்லாதிருக்கக் கம்பளியடி வைத்த நீர்க்காலணிகள் 2012ஆம் ஆண்டில் அங்கு விலக்கப்பட்டன. மேலும், வனத்தின் எல்லைக்குள் அனக்டுவுக் கணவாய் என்னும் ஊரில் நூனமியூட் மக்கள் வாழ்கின்றனர். மீனும் மானும் நமக்கு விளையாட்டு, அவர்க்கோ பிழைப்பு. அவர்தம் வலையையும் குடிலையும் தொடாது விலகிச் செல்லுதல் வழிப்போக்கன் கடமை.

இறுதியாக ஒன்று. கைத்தொலைபேசி அங்குப் பயன்படாது. செயற்கைக்கோள் வழியாகப் பேசும் கருவி வேண்டும். ஆயின் அதனினும் முந்தியது, புறப்படுமுன் வீட்டில் ஒருவரிடம் விட்டுச்செல்லும் ஒரு தாளேயாகும். எவ்வேரியில் இறங்குகிறோம், எவ்வாற்றின் வழிச் செல்கிறோம், எந்நாள் திரும்புகிறோம், எத்தனை நாள் தாழ்த்தால் யாரைத் தேடச் சொல்லவேண்டும் என்பன அதில் இருத்தல் வேண்டும். கருவி நனையலாம், மின்கலம் தீரலாம், வீட்டிலிருப்போர் கையிலுள்ள தாள் கெடாது. பலர் இதனை அச்சத்தின் அடையாளமாகக் கருதி எழுதாது செல்கின்றனர். அஃது அச்சமன்று; நமக்காகக் காத்திருப்போர்க்கு நாம் செலுத்தும் கடன். கூடை வெறிதாயினும், குறித்த நாளில் அவர்முன் வந்து நிற்பவனே நன்கு திட்டமிட்டவன் ஆவான்.