நீல அச்சுத் துணிநூல்: எதைத் தேர்வது?

சயனோடைப் என்பது ஒளி பட்டால் மாறும் இரும்பு உப்புகளைக் கொண்டு நீல நிறப் படம் பதிக்கும் முறை; 1842இல் ஜான் ஹெர்ஷல் கண்டறிந்த இம்முறையில், அடுத்த ஆண்டே ஆனா அட்கின்ஸ் கடற்பாசிகளின் உருவங்களைத் தாளில் பதித்து நூலாக்கத் தொடங்கினார். இயந்திர வரைபடங்களைப் படியெடுத்த ‘புளூ பிரிண்ட்’ முறையும் இதுவே என்பதால், ஓசூர், கிருஷ்ணகிரி தொழிற்பகுதிக்கு இந்நீலம் அந்நியமன்று. இதைத் துணியில் பதித்து நூலாகத் தைக்க விரும்புவோர் நான்கு தேர்வுகளைச் செய்ய வேண்டும்.

துணி: பருத்தி பாப்ளின் நெருக்கமான நெசவுடையதால் கோடுகளைத் தெளிவாகக் காட்டும், ஊசிக்கும் நன்கு பிடிகொடுக்கும். பட்டில் நுண்விவரம் சிறக்குமாயினும், மடிக்கும்போதும் தைக்கும்போதும் அது வழுக்கும். பாலியெஸ்டர் கலந்த துணியில் கரைசல் ஊறாமல் நீலம் திட்டுத்திட்டாகக் கழுவிப்போகும் என்பதால், வாங்குமுன் ஓர் இழையைக் கொளுத்திப் பார்ப்பது நல்லது: பருத்தி சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். எத்துணியாயினும் கஞ்சி போக அலசிய பின்பே பயன்படுத்த வேண்டும்.

உருவம்: 100 மில்லி நீரில் 25 கிராம் பெரிக் அம்மோனியம் சிட்ரேட்டும், வேறு 100 மில்லியில் 10 கிராம் பொட்டாசியம் பெர்ரிசயனைடும் கரைத்து, சம அளவில் கலந்து, மங்கிய ஒளியில் துணிக்குப் பூசி, இருட்டில் உலர்த்திய பின், இலையையோ நெகட்டிவ் பிலிமையோ அதன்மேல் வைத்து, கண்ணாடியால் அழுத்தி வெயிலில் காட்டுவர். அழுத்திக் காயவைத்த மல்பெரி இலை கூர்மையான விளிம்பைத் தரும். தடித்த கேழ்வரகுக் கதிர் கண்ணாடியைத் தூக்கிவிடுவதால் ஒளி அடியில் கசிந்து விளிம்பு மங்கும். நெகட்டிவ் முகங்களையும் கட்டடங்களையும் பதிக்க உதவுமெனினும், நுண்விவரங்களைத் துணியின் இழை விழுங்கிவிடும் என்பதால் பெரிய உருவங்களே அதற்கு ஏற்றவை.

நீர்: வெயிலில் காட்டிய துணியை நீரில் அலச வேண்டும். அதில் படியும் பிரஷ்யன் நீலம் எனும் நிறமி காரத்தில் சிதைந்து மஞ்சளாகும். ஆகவே காரத்தன்மை மிகுந்த கடின ஆழ்துளைக் கிணற்று நீரைவிட மழைநீர் சிறந்தது. அது கிட்டாதபோது முதல் அலசலில் சிறிது வினிகர் சேர்க்கலாம். சலவைத்தூள் கூடவே கூடாது.

கட்டு: மடித்த துணிகளை ஒன்றனுள் ஒன்றாக அடுக்கி நடுமடிப்பில் மூன்று துளைகளில் தைப்பது எளிது, ஆனால் ஒரே நீளத் துணியை விசிறிபோல் மடிக்கும் கட்டே தொடர் உருவங்களுக்கு உகந்தது, எனினும் பக்கம் நிமிர்ந்து நிற்க இடையில் அட்டை வேண்டும்.

முதல் நூலுக்குப் பாப்ளின், மல்பெரி இலை, மழைநீர், நடுமடிப்புத் தையல் ஆகியவையே சிறந்த தேர்வு. கைக்குப் பழக்கம் வந்த பின் பட்டையும் நெகட்டிவையும் நாடலாம். நேர்வெயிலில் நீலம் வெளிறும் என்பதால் முடிந்த நூலை மூடியே வைக்க வேண்டும்.