கைக்குள் ஒரு வோல்ட்மீட்டர்

ஆய்வுக்கூட வோல்ட்மீட்டரில் முள் ஆடும். நான் வீட்டில் செய்ததில் தபால்தலை அளவுத் திரையில் எண்கள் ஒளிரும். அதன் மூளை ஆர்டுயினோ நானோ என்னும் சிறு பலகை. அதன் உள்வாயில் 5 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. ஆகவே 30 கிலோ ஓம், 7.5 கிலோ ஓம் மின்தடைகளைத் தொடராக இணைத்து, சிறிய தடையில் விழும் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் உள்ளே விட்டேன். பலகை அதை 0 முதல் 1023 வரையுள்ள எண்ணாக்கும். நிரல் அதை மீண்டும் வோல்ட்டாக்கும்.

9 வோல்ட் பாட்டரியை வைத்தேன். 9.6 என்றது! மல்டிமீட்டரோ 9.0 என்றது. நிரலில் நான் 5 என்று நம்பி எழுதியிருந்தேன். கணினியிலிருந்து பலகைக்கு வந்ததோ 4.7 தான். அளவுகோல் குட்டையானால் துணி நீளமாகத் தெரியுமல்லவா, அதுபோல! எண்ணைத் திருத்தியதும் 9.0 ஒளிர்ந்தது. வீட்டின் 230 வோல்ட் மின்சாரத்தில் மட்டும் இதை வைத்துவிடாதீர்கள். அம்மா டார்ச் பாட்டரிகளை எடுத்துவந்தார்கள். மூன்றில் ஒன்று 1.1 தான் காட்டியது.