கூட்டம் போட அனுமதி

நம் லோத்குண்டாவில் தண்ணீர்ப் பிரச்சினை என்றால் என்ன செய்வோம்? நாலு வீட்டுக்குச் சொல்லி அனுப்புவோம். மரத்தடியில் கூடிப் பேசுவோம்.

நிஜாம் காலத்தில் அது எளிதல்ல. பொதுக்கூட்டம் போட அரசிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். அந்த உத்தரவுக்கு 'கஷ்தி 53' என்று பெயர்.

அப்போது ஐதராபாத் தனி சமஸ்தானம். கடைசி நிஜாம் மீர் உஸ்மான் அலிகான் 1911-இல் பட்டத்துக்கு வந்தார். மக்களில் பெரும்பாலோர் பேசியது தெலுங்கு, மராத்தி, கன்னடம். கோர்ட்டில் நடந்ததோ உருது. மனு எழுத இன்னொருவர் கையை எதிர்பார்க்க வேண்டும். அந்தக் கஷ்டம் நமக்குத் தெரியாததா?

1921 நவம்பரில் ஐதராபாத்தில் ஒரு சமூகச் சீர்திருத்த மாநாடு நடந்தது. ஆலம்பள்ளி வெங்கட்டராமராவ் என்ற வக்கீல் எழுந்து தெலுங்கில் பேசினார். கூட்டத்தில் சிலர் கேலி செய்து கூச்சல் போட்டார்கள். இத்தனைக்கும் சீர்திருத்தம் பேச வந்தவர்கள்! மனம் நொந்த தெலுங்கர்கள் கூடி 'ஆந்திர ஜன சங்கம்' தொடங்கினார்கள். மாடபாட்டி அனுமந்தராவ் அதை வளர்த்தார்.

சங்கம் முதலில் கையில் எடுத்தது அரசியலை அல்ல, வாசகசாலைகளை. ஊர்களில் புத்தகமும் பத்திரிகையும் வந்தன. படித்தவர் படிக்க, மற்றவர் கேட்டார்கள். பிறகு கேள்விகள் வந்தன. கூலி தராமல் வேலை வாங்கும் 'வெட்டி' எதற்கு? வரி கொடுக்கும் நமக்கு ஆட்சியில் பங்கு இல்லையா?

1930-இல் ஜோகிபேட்டையில் ஆந்திர மகாசபையின் முதல் மாநாடு கூடியது. 'கோல்கொண்டா' பத்திரிகை நடத்திய சுரவரம் பிரதாபரெட்டி தலைமை வகித்தார்.

1938-இல் ஐதராபாத் ஸ்டேட் காங்கிரஸ் அமைக்க முயன்றார்கள். நிஜாமை இறக்க வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. நிஜாம் இருக்கட்டும், மந்திரிகள் மக்களுக்குப் பதில் சொல்லட்டும் என்றார்கள். இதற்குப் பொறுப்பாட்சி என்று பெயர். அதற்கே தடை வந்தது. தடையை மீறியவர்கள் சிறை சென்றார்கள்.

அரவமுது ஐயங்கார் குழு சொன்னதை வைத்து, 1939-இல் நிஜாம் அரசு சீர்திருத்தம் அறிவித்தது. சட்டசபையில் 85 பேர். தேர்தலில் வருபவர் 42 பேர். பாதிகூட இல்லை. மந்திரிகள் அப்போதும் நிஜாமுக்கே பதில் சொன்னார்கள். இதைப் பொறுப்பாட்சி என்று எப்படி ஏற்பது?

காங்கிரஸ் மீதான தடை 1946-இல்தான் நீங்கியது. பிறகு ரஜாக்கர் கொடுமை, விவசாயிகள் போராட்டம். அது தனிக் கதை. இந்திய ராணுவம் வந்தது. 1948 செப்டம்பர் 17-இல் நிஜாம் அரசு பணிந்தது.

1952-இல் தேர்தல் முடிந்து, பூர்குல ராமகிருஷ்ணராவ் முதலமைச்சர் ஆனார். ஆந்திர மகாசபையின் 1931 தேவரகொண்டா மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் அவர். அந்தத் தேர்தலில் 21 வயது நிரம்பிய ஆணுக்கும் பெண்ணுக்கும் ஓட்டு உண்டு. படிக்கத் தெரியாதவர்களுக்காக, ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி வைத்தார்கள்.

பேசுவோம்:
85 பேரில் 42 பேர் என்றால் யார் பேச்சு எடுபடும்?
உங்கள் வீட்டுப் பெரியவர்கள் முதன்முதலில் எந்தச் சின்னத்துக்கு ஓட்டுப் போட்டார்கள்? கேட்டு எழுதி வாருங்கள்.