வலி போனால் போதுமா?

குறுவட்டக் கபடிப் போட்டியில் சட்டென்று திரும்பியபோது, ஆவடிப் பக்கத்து மாணவி ஒருத்தியின் முழங்காலில் ‘டப்’பென்று சத்தம் கேட்டது. ஒரு மணி நேரத்திற்குள் முட்டி வீங்கிவிட்டது. ‘ஜவ்வு கிழிந்துவிட்டது’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான், மருத்துவர்கள் ஏ.சி.எல். என்பார்கள்.

அவள் அம்மா அறுவைச் சிகிச்சைக்கு அஞ்சினார். 2022 நவம்பரில், முழங்கால் சிகிச்சைக்குப் பின் கட்டு இறுகி ரத்த ஓட்டம் தடைப்பட்டு, சென்னையில் 17 வயதுக் கால்பந்து வீராங்கனை இறந்ததை யார் மறப்பார்? கால்விரல்கள் குளிர்ந்தாலோ, மரத்தாலோ, வலி தாங்க முடியாமல் போனாலோ அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன். சிகிச்சை நல்லபடி முடிந்தது. தொடையின் பின்பக்கத் தசைநாணை எடுத்துப் பொருத்தினார்கள்.

மூன்றாம் மாதம், “சார், வலியே இல்ல, ஆடலாமா?” என்று வந்து நின்றாள். அடுத்த போட்டியை நினைத்து நானும் ஒரு கணம் தடுமாறியது உண்மை.

பொருத்திய நாண் புதிய ரத்த ஓட்டம் பெற்றுத் தசைநாராக மாறப் பல மாதங்கள் ஆகும். இரண்டாம், மூன்றாம் மாதங்களில் அது பொருத்திய நாளைவிட வலுக்குறைந்திருக்கும். வலி குறைவதும் அப்போதுதான்! 2016-இல் வெளியான நார்வே ஆய்வொன்றின்படி, ஒன்பதாம் மாதம் வரை ஆட்டத்தைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்திற்கும் மறுகாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. மாதக் கணக்கு மட்டும் போதாது. அடிபட்ட காலின் தொடை வலு, மற்றக் காலின் வலுவில் 90 விழுக்காட்டையாவது எட்ட வேண்டும். அதை இயன்முறை மருத்துவர் சோதித்துச் சொல்வார்.

ஆவடியிலிருந்து கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்திற்குப் போய்வந்தால் பெற்றோருக்கு ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் மருத்துவர் எழுதித் தந்த பயிற்சிகளை விளையாட்டுப் பாடவேளையில் பத்து நிமிடம் செய்ய வைத்தேன். முட்டிக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்து, ஐந்து எண்ணும்வரை அழுத்துதல். காலை மடக்காமல் உயர்த்துதல். குதிகாலைத் தரையில் இழுத்து மடக்குதல்.

வகுப்பாசிரியர் அவளுக்கு ஓரத்து இருக்கை கொடுத்தார். சத்துணவுக்கு நாற்காலி போட்டார். படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில் என்று தோழிகளே நினைவூட்டினார்கள்.

பத்தாம் மாதம் களத்தில் இறங்கினாள். அதுவரை எங்கள் அணிக்கு ஸ்கோர் எழுதியது அவள்தான்.