தானியங்கி கேட் மூட மறுப்பது ஏன்?

ரிமோட்டை அமுக்கினால் தானாகத் திறந்து மூடும் கேட்டுகளைப் பல வீடுகளிலும் கம்பெனிகளிலும் பார்த்திருப்பீர்கள். என் மாமா எலக்ட்ரீஷியன். லீவு நாட்களில் அவருடன் போய்த் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன். பக்கவாட்டில் ஓடும் கேட்டைப் பற்றி மட்டும் இங்கே பார்ப்போம்.

எப்படி ஓடுகிறது?

கேட்டின் அடியில் உள்ள சக்கரங்கள் தரையில் பதித்த தண்டவாளத்தில் ஓடும். கேட்டில் நீளமாக ஒரு பல்சட்டம் பொருத்தியிருக்கும். மோட்டாரின் பல்சக்கரம் சுழன்று அதைத் தள்ளும். கேட் கடைசிக்கு வந்ததும் மோட்டாரை நிறுத்த வைப்பது லிமிட் சுவிட்ச்.

வாசலின் இரு பக்கமும் எதிரெதிரே இரண்டு சின்னப் பெட்டிகள் இருக்கும். அவைதான் சென்சார். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அகச்சிவப்புக் கதிர் போகிறது. டிவி ரிமோட்டில் வருவதும் இதே வகைக் கதிர்தான், கண்ணுக்குத் தெரியாது. நடுவில் யாராவது வந்தால் கதிர் தடைபடும். மூடிக்கொண்டிருக்கும் கேட் நின்றுவிடும், அல்லது திரும்பத் திறக்கும்.

கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

1. ரிமோட்டுக்கு அசையவில்லை, சுவரில் உள்ள பட்டனுக்கு ஓடுகிறது என்றால், முதலில் ரிமோட் பேட்டரியை மாற்றிப் பார்க்க வேண்டும்.

2. இரண்டுக்கும் அசையவில்லை என்றால் கரண்ட் வருகிறதா, ஃபியூஸ் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாமா பெட்டியைத் திறந்தால் பல நேரம் உள்ளே எறும்புக் கூடு, பல்லி!

3. பாதியில் நின்றால் மெயினை அணைத்துவிட்டு, சாவி போட்டு மோட்டாரை விடுவித்து, கேட்டைக் கையால் தள்ள வேண்டும். "மோட்டாரைத் திட்டாதேடா, முதல்ல கேட்டைத் தள்ளிப் பாரு" என்பார் மாமா. தள்ளக் கஷ்டமாக இருந்தால் குறை மோட்டாரில் இல்லை. தண்டவாளத்தில் கல், மண், அல்லது தேய்ந்த சக்கரம்தான் காரணம்.

4. மோட்டார் உறுமுகிறது, ஆனால் சுற்றவில்லை. கேட் கையால் எளிதாக நகர்கிறது என்றால் கப்பாசிட்டர் பழுதாகியிருக்கலாம். மெயினை அணைத்த பிறகும் அதில் மின்சாரம் தேங்கி நிற்கும். நாம் தொடவே கூடாது.

5. நன்றாகத் திறக்கிறது, மூட மட்டும் மறுக்கிறது. அப்படியானால் முதல் சந்தேகம் சென்சார் மேல்தான். மழையில் தெறித்த சேறு, ஒட்டடை, வளர்ந்த செடி கதிரை மறைக்கும். வண்டி இடித்துப் பெட்டி திரும்பியிருந்தாலும் கதிர் சேராது. ஈரத்துணியால் துடைத்து, நேராகத் திருப்பி வைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஒரு முக்கியமான விஷயம்

ஒரு வீட்டில் சென்சார் அடிக்கடி தொல்லை கொடுத்தது. வீட்டுக்காரர், "ஒயரை நேரா இணைச்சு விடுங்க, சென்சாரே வேண்டாம்" என்றார். அப்படி இணைத்தால் கேட் மூடும். ஆனால் வாசலில் ஆள் நிற்பது அதற்குத் தெரியாது. மாமா, "சார், உங்க பேத்தி பந்தை எடுக்க இந்த வழியாத்தானே ஓடுது?" என்று கேட்டார். அவர் பேசவில்லை. புது சென்சார் மாட்டச் சொல்லிவிட்டார்.

இரும்பு கேட் 300, 400 கிலோ எடைகூட இருக்கும். மூட மறுக்கும் கேட் நம்மை எரிச்சல்படுத்தும். ஆனால் ஆள் இருப்பது தெரியாமல் மூடும் கேட் உயிரையே எடுக்கும். ஆகவே நண்பர்களே, கேட் நகரும்போது குறுக்கே ஓடாதீர்கள், அதில் தொங்காதீர்கள். உங்கள் வீட்டில் சென்சார் இருந்தால் இன்றே துடைத்து வையுங்கள்!

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்