பல்லுயிர்க் குழு: கேட்டு வாங்குங்கள்

2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின் 41-ஆவது பிரிவுப்படி ஒவ்வொரு கிராம ஊராட்சியும் நகர்ப்புற உள்ளாட்சியும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்தே ஆகணும். கிராம ஊராட்சிக்கு மட்டுமில்லை, 2021-இல் உருவான தாம்பரம் மாநகராட்சிக்கும்தான். ஏரி, மரம் மட்டுமா? நாட்டு விதை, நாட்டு மாடு எல்லாமே இதில் வரும். உள்ளூர் மக்களைக் கேட்டு மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதுவது முக்கிய வேலை. 2020 ஜனவரிக்குள் முடிக்கணும், தவறினால் மாநிலம் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்டணும்னு பசுமைத் தீர்ப்பாயம் கெடு வைத்தது. கெடுவுக்காக நிரப்பின ஏடு எதுக்கு உதவும்?

சிட்லபாக்கம், செம்பாக்கம் ஏரிகளின் ஆயக்கட்டு பெரும்பாலும் மனைகளாகிவிட்டது. எந்த மடை எங்கே பாய்ந்தது, என்ன நெல் விளைந்தது என்பது எழுபது வயதுக்காரர்கள் நினைவில்தான் இருக்கு. மாநகராட்சியில் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். உங்கள் ஏரி அதில் இல்லையென்றால், அந்தப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போய் எழுத வையுங்கள்.