கொட்டகையில் கிடந்த டீசல் வண்டியைக் கிளப்ப

பீடோங், பாடாங் செராய் பக்கத் தோட்டங்களில் ஓராண்டுக்கு மேல் நின்றுபோன பழைய ஹைலக்ஸோ லோரியோ இருந்தால், எடுத்த எடுப்பில் சாவியைத் திருப்பாதீர்கள். முதல் சந்தேகம் டீசல்மேல் விழட்டும். மலேசியாவில் 2019 முதல் சாதாரண டீசலில் 10 விழுக்காடு வரை செம்பனை பயோடீசல் கலக்கிறார்கள். அது ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் பாதி காலியான தொட்டியின் உட்சுவர் வியர்க்கும். நீரும் டீசலும் சேருமிடத்தில் கிருமி வளர்ந்து கரும்பாசி போல வழவழவென்று படியும். ஃபில்டர் அடித்திருகைத் தளர்த்தி, கண்ணாடிப் போத்தலில் பிடித்துப் பாருங்கள். அடியில் நீர் தனியாகத் தங்கினாலோ, வார்னிஷ் வாடை அடித்தாலோ, தொட்டியை வடித்துவிட்டுப் புது டீசல், புது ஃபில்டர். வடித்ததைக் கால்வாயில் கொட்டாதீர்கள்.

பிறகு ஃபில்டர் மேலுள்ள கைப்பம்பை, கெட்டியாகும் வரை அமுக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். காற்று வடிகட்டிப் பெட்டியையும் திறந்து பாருங்கள். தோட்டத்து எலிக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. எஞ்சின் ஆயிலை மாற்றி, பேட்டரியை சார்ஜ் ஏற்றி, க்ளோ ப்ளக் விளக்கு அணைந்ததும் ஸ்டார்ட் செய்யலாம். 10 விநாடிக்கு மேல் விடாமல் சுற்றினால் ஸ்டார்ட்டர் சூடேறும். பொறுமையில்லாதவர்கள் ஈதர் ஸ்ப்ரே அடிப்பார்கள். க்ளோ ப்ளக் உள்ள எஞ்சினில் அது வெடிக்கும், தொடவே தொடாதீர்கள்.

கிளம்பிவிட்டதென்று நேரே சுங்கை பட்டாணிக்கு ஓட்டாதீர்கள். துருப்பிடித்த பிரேக்கைக் கொட்டகை வாசலிலேயே சோதியுங்கள். சாலை வரியும் காப்புறுதியும் புதுப்பிக்காத வண்டி பெரிய சாலையில் ஏறக்கூடாது.